ஓடுகிறவர் யார், துரத்துகிறவர் யார்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்க பொக்சர் மேவெதரும் பிலிப்பைன்ஸ் பொக்சர் பாக்கியோவும் 2015இல் மோதிய போட்டியின் பதிவை மாமாவோடு உட்கார்ந்து பார்த்தாராம். நாலாவது சுற்று முடிவதற்குள் மாமா "இதென்ன சண்டை, ஒருத்தன் ஓடுறான், மற்றவன் துரத்துறான்" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டாராம். ஜிம்மில் பழக்குகிற அண்ணாவோ அதே போட்டியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாராம். ஒரே போட்டி இரண்டு பேருக்கு ஏன் இப்படித் தெரிகிறது, ஸ்டைலுக்காக பொக்சிங் ரசிகர்கள் ஏன் கட்சிக்காரர் மாதிரி அடிபடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் மாமாவின் கணக்கைப் பார்ப்போம். அந்த இரவு "ஓடிய" மேவெதர் வீசிய குத்துகள் 435, அதில் பட்டவை 148. "துரத்திய" பாக்கியோ வீசியவை 429, பட்டவை 81. ஓடுகிறார் என்று திட்டு வாங்கியவர்தான் கூடுதலாகக் குத்தியும் இருக்கிறார், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு குத்துகளைப் படவைத்தும் இருக்கிறார். நடுவர்கள் மூவரும் புள்ளிக் கணக்கில் மேவெதருக்கே கொடுத்தார்கள்: ஒருவர் 118-110, மற்ற இருவர் 116-112. ஆனாலும் மாமா பார்த்தது பொய்யில்லை. பாக்கியோ முன்னால் வந்துகொண்டே இருந்தார், அவர் கையை வீசும்போதெல்லாம் அரங்கம் எழும்பியது. முன்னால் போகிறவர்தான் வெல்கிறார் என்று கண் தானாகவே நம்பிவிடும். அந்த நம்பிக்கை இல்லாமல் பிறந்த ரசிகர் எவரும் இல்லை. அதை மாற்றிக்கொள்ள சில வருடம் பிடிக்கும், சிலர் மாற்றிக்கொள்வதே இல்லை.

ஸ்டைல் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி தூரம்தான். இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும்போது சண்டை நடக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார்? எட்ட நின்றால் நீட்டிக் குத்தும் ஜப் மட்டும்தான் எட்டும். கை நீளமானவருக்கும் கால் வேகமானவருக்கும் அது சொர்க்கம். ஓரடி உள்ளே வந்தால் முழு உடம்பும் பின்னால் வருகிற பெரிய குத்துகளின் தூரம், அங்கே வாழ்பவர்கள் பலசாலிகள். இன்னும் உள்ளே, தோளும் தோளும் உரசும் இடத்தில், குட்டைக் கைக்காரர்களின் ஹூக்கும் (கையை வளைத்துப் பக்கவாட்டில் குத்துவது) அப்பர்கட்டும் (கீழிருந்து மேலே குத்துவது) வேலை செய்யும். எதிராளியை எதிராளிக்குப் பிடிக்காத தூரத்தில் வைத்திருப்பதுதான் போட்டியின் பாதி. இது காலால் நடக்கிற வேலை. மாமா கையைப் பார்த்தார், ஜிம் அண்ணா காலைப் பார்த்தார். வித்தியாசம் அங்கேதான் தொடங்கியது.

எந்தத் தூரம் என்பதை ஒருவரின் குணம் தீர்மானிப்பதாக ரசிகர்கள் நினைத்துக்கொள்கிறோம். முன்னால் வந்தால் வீரன், பின்னால் போனால் கோழை. மைக் டைசனை எடுங்கள். இரண்டு கையுறைகளையும் கன்னத்தில் ஒட்டிவைத்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு, பாய்ந்து உள்ளே வருவார். பார்க்கிறவருக்கு அது கோபம். அவரை உருவாக்கிய கஸ் டமாட்டோவுக்கு அது உயரக் கணக்கு. சுமார் 178 சென்டிமீட்டர் உயரமுள்ள ஹெவிவெயிட் ஒருவர் எட்ட நின்றால் ஆறரை அடிக்காரர்களின் ஜப் அவரைத் தின்றுவிடும். ஆகவே தலையை அசைத்து ஜப்பைத் தாண்டு, உள்ளே போ, குட்டைக் குத்துகளை அடுக்கு. 1986 நவம்பரில் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டம் எடுத்தது இந்தக் கணக்குதான். 1990 பெப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாம் சுற்றில் அவரைப் படுக்க வைத்தபோது, டைசனின் சொந்த வாழ்க்கைக் குழப்பங்களைத்தான் எல்லோரும் காரணமாகச் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பதிவைத் திரும்பப் போட்டு டக்ளஸின் இடது கையை மட்டும் பாருங்கள். உயரமான ஒருவர் ஒரு இரவு முழுக்கப் பயப்படாமல் ஜப் அடித்தால் என்ன நடக்கும் என்பது தெரியும்.

ஸ்டைல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் எழுபதுகளின் முக்கோணத்தைத்தான் காட்டுவேன். 1971 மார்ச்சில் நியூயோர்க்கில் ஜோ ஃப்ரேசியர் முகமது அலியைப் பதினைந்து சுற்றில் வென்றார், கடைசிச் சுற்றில் இடது ஹூக்கால் கீழே விழுத்தியும் விட்டார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜோர்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை விழுத்தினார். 1974 ஒக்டோபரில் கின்ஷாசாவில் அலி அந்த ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். கடைப் பேச்சில் இதற்கு விடை கிடைக்காது. அலியை ஃப்ரேசியர் வென்றார், ஃப்ரேசியரை ஃபோர்மன் நொறுக்கினார், அப்படியானால் ஃபோர்மன் அலியைக் கொன்றிருக்க வேண்டுமே?

ஃப்ரேசியர் குனிந்து குனிந்து உள்ளே வருபவர். அலி பின்னால் சாய்ந்து தப்பும் பழக்கக்காரர், வலது கையைத் தாழ்த்தியே வைத்திருப்பார். குனிந்து வந்து கீழிருந்து மேலே எழும்பும் இடது ஹூக்குக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. அதே குனிவு ஃபோர்மனிடம் தற்கொலை. அவர் இரண்டு கைகளாலும் எதிராளியைத் தள்ளி, தன் பெரிய குத்துகளின் தூரத்தில் நிறுத்திவிட்டு, கீழிருந்து அப்பர்கட் போடுவார். ஃப்ரேசியர் தன் முகத்தைத் தானே அந்தக் கைமுட்டிக்குக் கொண்டுபோனார். அலியோ கின்ஷாசா வெக்கையில் ஓடி முடியாது என்று கண்டுகொண்டு, கயிற்றில் சாய்ந்து, தலையைப் பின்னால் கொண்டுபோய், ஃபோர்மன் தன் பலத்தையெல்லாம் கைகளிலும் விலாவிலும் கொட்டித் தீர்க்கும்வரை இருந்தார். நடுவில் கென் நோர்ட்டன் என்று ஒருவர்: 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து வென்றவர், அடுத்த வருடம் கராகஸில் ஃபோர்மனிடம் இரண்டு சுற்றுக்கூடத் தாங்கவில்லை. அலிக்கு வாழ்நாள் முழுக்கத் தலையிடி கொடுத்த ஆள் ஃபோர்மனுக்கு ஒரு காலைச் சாப்பாடு.

அதனால்தான் பழைய ரசிகர்கள் "யார் பெரியவர்" என்ற கேள்வியை விட "யாருக்கு யார் ஒத்துவராது" என்ற கேள்வியில் சுகம் காண்கிறார்கள்.

ஒருவர் தன் தூரத்தைத் தானே விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லெனார்ட்–டுரான் இரட்டைப் போட்டி. 1980 ஜூனில் மொன்றியலில் ரோபெர்த்தோ டுரான் போட்டிக்கு முன்பே சுகர் ரே லெனார்ட்டை ஏசி ஏசிக் கிளறிவிட்டிருந்தார். லெனார்ட்டுக்கு ரோசம். நின்று அடிபடுகிறேன் பார் என்று டுரானின் தூரத்துக்கே போனார், தோற்றார். ஐந்து மாதம் கழித்து நியூ ஓர்லியன்ஸில் அதே லெனார்ட் கால்களால் ஆடினார். வலது கையைச் சுழற்றிக் காட்டிவிட்டு இடது கையால் முகத்தில் குத்தினார், நாக்கை நீட்டினார். எட்டாம் சுற்றில் டுரான் திரும்பிக்கொண்டு போதும் என்று விட்டுவிட்டார். வயிற்று வலி என்று பிறகு காரணம் சொன்னார். டுரானின் பனாமா ரசிகர்களுக்கு அந்தத் தோல்வி வலிக்கவில்லை. விட்டுவிட்டுப் போனது வலித்தது. அடித்து வீழ்த்தப்பட்டிருந்தால் மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள். உள்ளே போய் அடிக்கும் ஸ்டைலை விரும்புகிற ரசிகர் உண்மையில் ஒரு வாக்குறுதியை விரும்புகிறார்: இந்த ஆள் விட்டுப் போகமாட்டான்.

மெக்சிக்கோக்காரர்களிடம் இது கிட்டத்தட்ட தேசியச் சொத்து. முன்னால் வா, விலாவில் அடி, வாங்கிக்கொண்டே கொடு. அவர்களின் இடது ஹூக் ஈரலைத் தேடும். ஈரல் வலப்பக்க விலாவுக்குக் கீழே இருப்பதால், நேர் எதிரே நிற்பவரின் இடது கைக்கு அது சரியாக அகப்படும். பட்டவுடன் ஒன்றும் நடக்காது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு கால் மடிந்து ஆள் முழங்காலில் இருப்பார், மூளை "எழும்பு" என்று சொன்னாலும் உடம்பு கேட்காது. முகத்தில் விழும் நொக்கவுட்டை விட எனக்கு இதுதான் பிடிக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு காரணம், அது அநேகமாகச் சில சுற்றுகளுக்கு முன்பே போடத் தொடங்கிய அத்திவாரத்தின் மேல் வருவது.

ஹூலியோ சீசர் சாவேஸ் இந்தப் பள்ளியின் தலைமை வாத்தியார். 1990 மார்ச் 17, லாஸ் வேகஸ், மெல்ட்ரிக் டெய்லருக்கு எதிராக. டெய்லர் 1984 ஒலிம்பிக் தங்கம், கை மின்னல். பதினொரு சுற்று முழுக்க எண்ணிக்கையில் சாவேஸை மூழ்கடித்தார். மூன்று நடுவர்களில் இருவர் அட்டையில் எட்ட முடியாத தூரம் முன்னால் நின்றார். ஆனால் சாவேஸின் குத்து வட்டிக் கடன் மாதிரி, வாங்கும்போது சின்னதாகத் தெரியும். டெய்லரின் முகம் வீங்கி, வாயில் இரத்தம். பன்னிரண்டாம் சுற்றின் கடைசியில் வலது கையில் விழுந்து எழும்பினார். மத்தியஸ்தர் ரிச்சர்ட் ஸ்டீல் ஏதோ கேட்டார், டெய்லர் தன் பயிற்சியாளர்கள் நிற்கும் மூலைப் பக்கம் பார்த்தார், ஸ்டீல் போட்டியை நிறுத்திவிட்டார். மீதம் இருந்தது இரண்டு நொடி.

முப்பத்தைந்து வருடம் ஆகியும் இது ஆறவில்லை. இரண்டு நொடி விட்டிருந்தால் டெய்லர் வென்றிருப்பார் என்கிறது ஒரு பக்கம். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்ததே சாவேஸின் வெற்றி என்கிறது மற்றப் பக்கம். இரு பக்கமும் ஸ்டீலைப் பற்றிக் கதைப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்டைலைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எண்ணிக்கையா, சேதமா? எனக்கு ஸ்டீல் செய்தது சரி. டெய்லர் பிறகு இன்னொரு பட்டம் எடுத்தாலும் அந்தப் பழைய வேகம் திரும்பி வரவேயில்லை. இரண்டு நொடியில் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்கள் டெய்லரின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும்.

சாவேஸ் கதையின் மறுபக்கம் 1993 செப்டெம்பர், சான் அன்டோனியோ. பெர்னெல் விட்டேக்கர், இடது கைக்காரர், தொட முடியாத ஆள். சாவேஸ் அவரைத் தேடித் தேடிக் களைத்தார். இரண்டு நடுவர்கள் 115-115 என்று சமன் போட்டார்கள், ஒருவர் மட்டும் விட்டேக்கருக்கு 115-113. முன்னால் போகிறவர் வெல்கிறார் என்ற கண்ணின் பொய் ரசிகருக்கு மட்டும் சொந்தமில்லை, நடுவர் நாற்காலியிலும் அது உட்கார்ந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

புள்ளி போடும் முறைக்கு வருவோம், ஏனென்றால் சண்டையின் வேர் அங்கேதான். தொழில்முறை பொக்சிங்கில் ஒவ்வொரு சுற்றும் தனிப் போட்டி. வென்றவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9, விழுந்தால் 8. சுத்தமாகப் பட்ட குத்து, பலன் தருகிற ஆக்ரோஷம், ரிங்கை ஆளும் திறமை, தற்காப்பு என்று நான்கைப் பார்க்கச் சொல்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று எவரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு ரசிகரும் தன் ஸ்டைலை நுழைத்துக்கொள்கிறார். 1987 ஏப்ரலில் லெனார்ட்–ஹாக்லர்: ஒரு நடுவர் லெனார்ட்டுக்கு 118-110, இன்னொருவர் லெனார்ட்டுக்கு 115-113, மூன்றாமவர் ஹாக்லருக்கு 115-113. அருகருகே இருந்து பார்த்த மூன்று தொழில்காரர்கள்! லெனார்ட் சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் படபடவென்று கையை வீசி, நடுவர் பேனாவைத் தூக்கும் நேரத்தில் கண்ணில் நின்றார். ஹாக்லர் முழுச் சுற்றும் வேலை செய்தார். அதோடு, இடது கைக்காரராகவே பேர் எடுத்த ஹாக்லர் முதல் சுற்றுகளை வலது கைக்காரர் நிலையில் நின்று வீணாக்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் ரசிகர்கள் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு ஹாக்லர் ரிங்குக்குத் திரும்பவேயில்லை.

இடது கைக்காரர்கள் என்றதும் ஒரு சிறு இடைச்செருகல். வலது கைக்காரரோடு அவர்கள் மோதும் போட்டி பல நேரம் அழகில்லாமல் தெரிவதற்குக் காரணம், இருவரின் முன் காலும் முன் கையும் ஒரே கோட்டில் முட்டிக்கொள்வது. யாருடைய முன் கால் மற்றவரின் காலுக்கு வெளியே இருக்கிறதோ அவருக்கே பின் கையின் நேர்க்குத்து திறக்கும். இடது கைக்காரரான உசிக், டைசன் ஃபியூரியைப் போன்ற மிகப் பெரிய உடம்பை 2024 மே மாதம் ரியாத்தில் தோற்கடித்ததில் இந்தக் கால் வேலைக்குப் பெரிய பங்கு. கால் மிதிபடுவதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தப் போட்டி விறுவிறுப்பு. மற்றவர்களுக்கு இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், அவ்வளவுதான்.

கொழும்புக் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் பொக்சிங் பார்க்கிற கண் இரண்டு இடத்தில் பழகியது. ஒன்று பாடசாலை ரிங். ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் தொடங்கியது. அந்த நாளிலிருந்தே கொழும்புப் பெரிய பாடசாலைகளில் பொக்சிங் ஒரு மானப் பிரச்சினை. 1938இல் சிட்னியில் நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் ஃபெதர்வெயிட் தங்கம் கொண்டுவந்தது அந்தப் பரம்பரையின் உச்சம். அமெச்சூர் போட்டி மூன்றே சுற்று. சாவேஸ் மாதிரி எட்டாம் சுற்றுக்கு விதை போடுகிற வேலைக்கு அங்கே இடமில்லை. முதல் மணியிலிருந்தே கை ஓட வேண்டும், நேராக ஓட வேண்டும், தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ரிங்கைச் சுற்றி நின்று வளர்ந்தவர்கள் ஜப்பையும் நேர்க்குத்தையும் மதிப்பார்கள், கட்டிப்பிடித்து விலாவில் அடிப்பதை அழுக்கு வேலை என்பார்கள்.

இதற்கு மேல் ஒரு கணினி வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ரோய் ஜோன்ஸுக்கு நடந்த அநியாயத்துக்குப் (தெளிவாக வென்றும் நடுவர்கள் தோல்வி கொடுத்தார்கள்) பிறகு, 1992 முதல் ஒலிம்பிக்கில் பொத்தான் அமுக்கிப் புள்ளி போடும் முறை. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் சேர்ந்து அமுக்கினால்தான் குத்துக்குப் புள்ளி. தலையில் படும் நீளமான குத்து எல்லோருக்கும் தெரியும், விலாவில் படுவது பாதிப் பேருக்குத் தெரியாது. விளைவு, இருபது வருடம் உலகம் முழுக்க அமெச்சூர் வீரர்கள் தொட்டுவிட்டுப் பின்வாங்கும் ஒரு விளையாட்டை ஆடினார்கள். 2013இல் பத்துப் புள்ளி முறை வந்தது, ஆண்களுக்குத் தலைக்கவசமும் போனது, ஸ்டைலும் மாறத் தொடங்கியது. உங்கள் ஜிம் அண்ணா அந்தக் கணினிக் காலத்தில் கையுறை கட்டியவர் என்றால், மேவெதரை அவர் ஏன் கும்பிடுகிறார் என்பது விளங்கும். குத்து வாங்காமல் குத்துவது அவருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

மற்ற இடம் தொலைக்காட்சி. லாஸ் வேகஸ் சனி இரவு என்றால் நமக்கு ஞாயிறு காலை. அப்பமும் கட்டச்சம்பலும் மேசையில் இருக்க, வீட்டில் எல்லோரும் நடமாட, பெரிய போட்டி போகும். மேவெதர்–பாக்கியோ வந்தது வெசாக் வார இறுதியில். அப்படிப் பார்க்கிற வீட்டில் ஆசியக்காரர் என்ற பாசம் வேறு சேர்ந்துகொள்ளும். பாக்கியோ நம்மாள், மற்றவர் காசுக்காரர். ஸ்டைலைப் பற்றிய தீர்ப்பு முதல் மணிக்கு முன்பே எழுதி முடிந்துவிடும்.

தொண்ணூறுகளில் கொம்பனித்தெரு, மாளிகாவத்தை, தெமட்டகொடைப் பக்கம் நசீம் ஹமீத் என்றால் எங்கள் முஸ்லிம் நண்பர்களுக்கு உயிர். ஷெஃபீல்டில் வளர்ந்த யெமன் பிள்ளை. கயிற்றுக்கு மேலால் குட்டிக்கரணம் போட்டு ரிங்குக்குள் குதிப்பார், கையை இடுப்பில் தொங்கவிட்டு முகத்தை நீட்டுவார், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கோணத்தில் அடித்து விழுத்துவார். பழைய ஆட்கள் "இது பொக்சிங்கே இல்லை" என்று முகத்தைச் சுளித்தார்கள். இளசுகளுக்கு அந்தச் சுளிப்பே பாதி இன்பம். அந்த ஸ்டைலில் அவர்கள் கண்டது ஒழுங்காக நில் என்று சொல்கிறவர்களின் முன் ஒழுங்கில்லாமல் நின்றும் வெல்லலாம் என்பதை. 2001 ஏப்ரலில் மார்க்கோ அன்டோனியோ பரேரா அதை முடித்துவைத்தார். வேடிக்கை என்னவென்றால், முன்னால் போய் மோதுகிறவர் என்று பேர் எடுத்த மெக்சிக்கோக்காரர் பரேரா அந்த இரவு பொறுமையாக எட்ட நின்று, ஜப் அடித்து, நசீம் பாயும்போதெல்லாம் தண்டித்தார். ஒரு நாட்டின் ஸ்டைல் என்று நாம் ஒட்டுகிற லேபல் எவ்வளவு மெல்லியது என்று அன்று தெரிந்தது. தற்காப்பில் எல்லாமே அனிச்சை வேகத்தை நம்பியிருந்த நசீமுக்கு அதன் பிறகு ஒரே ஒரு போட்டிதான்.

அனிச்சையை நம்பிய ஸ்டைல் சீக்கிரம் கிழடாகும். ரோய் ஜோன்ஸ் கையைத் தொங்கவிட்டே பதினைந்து வருடம் ஆண்டார், 2004இல் டார்வரின் ஒரு இடது கையில் இரண்டாம் சுற்றிலேயே எல்லாம் முடிந்தது. பலம் மட்டும் கடைசிவரை இருக்கும்: 1994 நவம்பரில் 45 வயது ஃபோர்மன், ஒன்பது சுற்று அடி வாங்கிய பிறகு, மைக்கல் மூரரைப் பத்தாம் சுற்றில் ஒரு நேர் வலது கையால் படுக்க வைத்து மறுபடியும் உலகச் சம்பியன் ஆனார்.

எதிர்க்குத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ரசிகர்கள் மிகவும் பிந்திக் காதலிப்பது அவர்களைத்தான். ஹுவான் மனுவேல் மார்க்கேஸ் பாக்கியோவோடு நான்கு தரம் மோதினார். 2004இல் முதல் சுற்றிலேயே மூன்று தரம் விழுந்து, எழும்பி, பாக்கியோவின் தாளத்தைப் படித்து, சமன் செய்தார். 2008, 2011 இரண்டையும் நூலிழையில் நடுவர்கள் பாக்கியோவுக்குக் கொடுத்தார்கள். பாக்கியோ தாக்குகிறார், மார்க்கேஸ் பதில் சொல்கிறார். யார் சண்டையை நடத்துகிறார் என்று கேட்டால் இரண்டு ரசிகர் இரண்டு விடை சொல்வார். 2012 டிசெம்பரில் ஆறாம் சுற்று முடிய ஒரு நொடி இருக்கும்போது பாக்கியோ ஜப்போடு உள்ளே காலை வைத்தார், மார்க்கேஸின் வலது கை அந்த இடத்தில் ஏற்கனவே இருந்தது. பாக்கியோ முகம் குப்புற விழுந்தார். எட்டு வருடமாகப் படித்த ஒரு அசைவுக்கு ஒரு குத்து. பாக்கியோ ரசிகர்கூட அதை அதிர்ஷ்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, அப்படியானால் அலுப்பான ஸ்டைல் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தற்காப்பை அலுப்பு என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது, ஆனால் 2013 ஒக்டோபரில் மொஸ்கோவில் விளாடிமிர் கிளிச்கோ பொவெட்கினைக் கட்டிப்பிடித்துச் சாய்ந்து சாய்ந்து வென்றதை நான் இரண்டாம் தரம் பார்க்கமாட்டேன். அங்கே தூரத்தை ஆள்வதற்குப் பதில் சண்டையே நடக்காமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. குத்து வராமல் தப்பி, தப்பிய அதே நொடியில் தண்டிப்பவரும், குத்து வராதபடி கையைப் பிடித்து வைப்பவரும் எனக்கு ஒன்றல்ல.

ரிகொண்டோ இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். கியூபாவுக்காக 2000, 2004 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2013 ஏப்ரலில் நொனிட்டோ டொனேரை வைத்துப் பாடம் நடத்தினார். கூட்டம் கூச்சலிட்டது, அவருடைய சொந்தப் போட்டி அமைப்பாளரே இவரை யாருக்கு விற்பது என்று வெளிப்படையாக நொந்துகொண்டார். இன்னொரு பக்கம் ஆர்ட்டுரோ கட்டியும் மிக்கி வார்டும். 2002, 2003இல் மூன்று தரம் மோதினார்கள். இருவரும் அந்தத் தலைமுறையின் முதல் வரிசைத் திறமைசாலிகள் இல்லை. முதல் போட்டியின் ஒன்பதாம் சுற்றில் வார்டின் இடது ஹூக் ஈரலில் பட்டு, ஆர்ட்டுரோ கட்டி முழங்காலிட்டார், எழும்பினார், அதே சுற்றிலேயே திருப்பியும் அடித்தார். ரிகொண்டோவை விட நூறு மடங்கு பேர் அந்தச் சுற்றை நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று கத்திப் பலனில்லை. டிக்கெட் வாங்குகிறவர் திறமையை மட்டும் வாங்குவதில்லை. கட்டி 2005இல் மேவெதரிடம் போனார். ஆறு சுற்று முடிய அவர் மூலையே போட்டியை நிறுத்தியது. அன்று அரங்கம் முழுக்கக் கட்டியின் ஆட்கள். தோற்ற பிறகும் அவருடைய ஆட்களாகவே வீட்டுக்குப் போனார்கள்.

மாமாவைத் திருத்த வேண்டாம், தம்பி. நீங்கள் உங்களுக்காகப் பழக வேண்டுமென்றால் ஒரு வேலை செய்யுங்கள். லெனார்ட்–ஹாக்லர் பதிவை ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுப் போடுங்கள். வர்ணனையாளரும் கூட்டமும் இல்லாவிட்டால் சுற்றின் கடைசி அரை நிமிடப் படபடப்பு பாதியாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் 10-9 எழுதி, பன்னிரண்டு முடிந்ததும் கூட்டுங்கள். பிறகு பெட்டர்பியேவும் பிவோலும் மோதிய இரண்டு போட்டிகள்: 2024 ஒக்டோபரில் முன்னால் வருகிற பெட்டர்பியேவுக்கு, 2025 பெப்ரவரியில் எட்ட நின்று அடுக்கிய பிவோலுக்கு, இரண்டிலும் ஒரு நடுவர் சமன் போட, மற்ற இருவரின் கணக்கில் முடிந்தவை. ஒரே இரண்டு ஆட்கள், ஒரே ஊர், நாலு மாத இடைவெளி. இரண்டாவதில் பிவோல் பிந்திய சுற்றுகளில் எங்கே நிற்கிறார், முதலாவதில் எங்கே நின்றார் என்று கால்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரியாத் போட்டிகள் நமக்கு விடியற்காலையில் வருபவை, ஆனால் பதிவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உங்கள் அட்டையும் ஜிம் அண்ணாவின் அட்டையும் இரண்டு மூன்று சுற்றுகளில் ஒத்துப்போகாது. அந்தச் சுற்றுகளை மட்டும் திரும்பப் போட்டு, எதற்குப் புள்ளி கொடுத்தீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.